கால்வாய்க்கு யார் பெயர்?

அயனம்பாக்கத்தில் எங்கள் ஏரிப்பக்கத்தைத் தொட்டுப் போகும் கூவம், கடலில் சேரும் முன் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் பக்கிங்காம் என்றொரு சின்ன ஊர். அங்கேயும் ஒரு கால்வாய், 1801இல் திறக்கப்பட்டது. முன்நின்றவர் பக்கிங்காம் பிரபு. போக்குவரத்து அற்றுப்போய், 1964இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. 1992 முதல் ஊர்க்காரர்களே சேற்றை வாரி மீட்கிறார்கள். பாரம்பரியம் அவர்களுக்குக் கைவேலை.

அதே குடும்பத்து வாரிசுதான் தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை கவர்னர். வடக்கே 1806இல் தொடங்கிய காக்ரேன் கால்வாய் ஏற்கனவே இருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் துண்டு 1877-78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் வெட்டினார்கள், பெயர் கவர்னருக்கு. 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண முகாம்களுக்கு விதித்த கூலி என்ன தெரியுமா? ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். சென்னை அரசும் பின்னர் கூலியை உயர்த்தியது. கவர்னருக்கு இந்த நியாயத்தைச் செய்தாக வேண்டும். ஆனால் மண் சுமந்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை.

உப்பு, விறகு, நெல் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் பட்டணத்துக்கு வந்தன. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாய்ப் பயணம்தான். அதில் நிலவையும் தென்றலையும் தாண்டி நிற்பவன், கரையில் கயிறு கட்டிப் படகிழுக்கும் கூலியாள். நம் பாரம்பரியப் பேச்சிலே அவன் எங்கே?

1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. அது ஆக்கிரமிப்பு ஆகவில்லை. கரையில் குடிசை போட்டவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டார்கள். 'மீட்பு' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கு. ஓர் ஊரில் அதன் பொருள் மக்கள் கால்வாய்க்கு வருவது. நம்மூரில் மக்களைக் கால்வாயிலிருந்து அகற்றுவது.

கால்வாயைச் சுத்தம் பண்ண வேண்டாம்னு யாரும் சொல்லவில்லை. யாருடைய நினைவை மீட்கிறோம், யாரை வெளியேற்றி மீட்கிறோம் என்பதே கேள்வி. வெட்டியவர்களின் பஞ்சத்தையும் இழுத்தவனின் கயிற்றையும் சொல்லாத பலகை பாரம்பரியம் ஆகாது. அது அந்தப் பழைய பெயர்ப்பலகைக்கு அடிக்கிற புதுப் பெயிண்ட் மட்டும்தான்.