சோழமண்டலம்: கடலோரத்தில் ஒரு கலைஞர் கிராமம்

ஓவியம் படித்தவனுக்கு யார் சோறு போடுவார்? 1960களில் சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரியில் படித்த பலரை வாட்டிய கேள்வி இது. படிப்பு முடிந்ததும் தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டிய நிலை.

கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் இதற்கு ஒரு வழி கண்டார். கைவினைப் பொருள்கள் செய்து விற்றால் வயிற்றுப்பாடு தீரும். மற்ற நேரத்தில் விருப்பம்போல வரையலாம். இதற்காகக் கலைஞர்கள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தது பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் உருவம் தெரியும். இத்துணிகள் நன்றாக விற்றன. அந்த வருமானத்தைக் கொண்டு 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். சோழமண்டலக் கரையின் பெயரையே கிராமத்துக்கும் சூட்டினார்கள். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எஸ். நந்தகோபால் போன்றோர் அங்கே உழைத்தார்கள்.

1977-ல் பணிக்கர் மறைந்தார். கிராமம் கலையவில்லை, 2009-ல் அங்கு ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கைவினை தாழ்ந்தது, ஓவியம் உயர்ந்தது என்பார் உண்டு. இங்கோ கைவினைதான் ஓவியத்தை வாழவைத்தது.