குழந்தையும் அறுவைச் சிகிச்சையும்: வேலூர் முதல் திருப்பதி வரை

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் ஆகிய நான்கும் ஒன்று கூடினாலன்றி நோய் தீராது என்பது அவர் கருத்து. குழந்தைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையின் வரலாற்றை நோக்குங்கால், ஐந்தாவதாக ஒரு கூற்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நோயுற்ற குழந்தை உரிய காலத்தில் மருத்துவரிடம் போய்ச் சேருவதற்கான வழியே அது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1911 ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர். வேலூர் அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊர். 1911 இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்வாறு எல்லைகள் மாறினவே தவிர, நோயாளிகள் நடந்த பாதை மாறவில்லை. தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் தங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு, சித்தூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரையே நாடி வந்தனர்.

அங்கே 1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தம் பணியைத் தொடங்கினார். 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1961 இல் திறந்த இதய அறுவைச் சிகிச்சையில் வெற்றி கண்டது. இந்தியாவில் இத்துறையில் முதன்முதலாகக் கண்ட வெற்றிகளுள் அதுவும் ஒன்று.

இதய அறுவைச் சிகிச்சை பெரிதும் குழந்தைகளின் பொருட்டே வளர்ந்த கலை என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1938 இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்பார், பிறந்தபின் மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்ட இதயக் குழாய் ஒன்றை ஒரு சிறுமிக்குக் கட்டி மூடினார். 1944 இல் பால்டிமோர் நகரில் ஆல்ஃபிரட் பிளேலாக், ஹெலன் டாசிக், விவியன் தாமஸ் ஆகிய மூவரின் உழைப்பால், உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்குப் புது வாழ்வு கிட்டியது. பால்டிமோரிலிருந்து கடல் கடந்து வேலூருக்கு வந்து வேரூன்ற இக்கலைக்கு 17 ஆண்டுகளே தேவைப்பட்டன.

வேலூரிலிருந்து திருப்பதி நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தொலைவுதான். ஆயினும் அப்பயணம் மெல்லவே நடந்தது. 1960 இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1985 இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம், உடற்குறையுற்றோர்க்கென 'பர்ட்' என்று வழங்கும் அறுவை மருத்துவமனையை நிறுவிற்று. இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கிவந்த அந்நாளில் பல சிறுவர் அங்கே எழுந்து நடந்தனர். 1993 முதல் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகம் உயர் சிகிச்சை அளித்துவருகிறது. குழந்தைகளின் இதய நோய்க்கென்றே தனி மருத்துவமனையாகிய ஸ்ரீ பத்மாவதி இருதயாலயம் திறக்கப்பட்டது 2021 அக்டோபரில்தான். வேலூரின் வெற்றிக்கும் இதற்கும் இடையே 60 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அறிவு கடலை விரைந்து தாண்டுகிறது. ஏழையின் வாயிலைத் தட்டுவதற்கோ நெடுங்காலம் எடுத்துக்கொள்கிறது.

குழந்தைகளுக்கு இக்காலத் தாழ்வு பெரிதும் தீங்கானது. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழவியின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய கால் லிட்டரே. ஆகவே தனிப் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் செவிலியரும் அதற்கு வேண்டும். குடல் அடைப்புடன் பிறந்த குழந்தைக்கு நாட்கணக்கில் காத்திருக்க இயலாது. வளைந்த பாதத்தை முதற்சில வாரங்களில் மாவுக்கட்டினால் திருத்தத் தொடங்குவது எளிது. இதயத்தில் பெரிய துளையுடன் பிறந்த குழந்தையை ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்டால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கெட்டுவிடும். அதன்பின் துளையை அடைப்பதும் பயன் தராது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது குழந்தைகள் ஏதேனும் ஓர் இதயக் குறையுடன் பிறக்கின்றன என்பதை எண்ணினால் இதன் முக்கியத்துவம் விளங்கும்.

பாதையைப் போலவே பணமும் ஒரு தடையே. ஆந்திரப் பிரதேச அரசு 2007 இல் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தை முதலில் மூன்று மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது. ஏழைக் குடும்பங்களின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையில் மருத்துவமனைச் செலவுக்கு வழி செய்தது. பிற மாநிலங்களில் அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளிலும் அவ்வுதவியைப் பெறலாம் என்பது, பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலங்களில் பிழைக்கும் நமக்குப் பெரிதும் பொருந்துவது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. உலகில் 170 கோடிக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை எட்டாத நிலையில் இருக்கிறது என்று 2019 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அறுவைச் சிகிச்சையையும் அடிப்படை நலத்துறைப் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார சபை 2015 இல் தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் பயன் ஊர்தோறும் சென்று சேர வேண்டும்.

நாம் செய்யவேண்டுவது யாது? 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழுவினர் குழந்தைகளைச் சோதிக்கின்றனர். பிளவுற்ற உதடு, வளைந்த பாதம், இதயக் குறை ஆகியவை அச்சோதனையில் வெளிப்படக் கூடியவை. அக்குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளலாகாது. அயல் மொழியில் பேச நாணி நிற்பதும் தகாது. குழந்தையின் பிறப்புச் சான்றையும் குடும்ப அட்டையையும் குடியிருக்கும் மாநிலத்து முகவரியில் செம்மையாக வைத்திருத்தல் வேண்டும். அட்டை ஒரு மாநிலத்திலும் குழந்தை மற்றொரு மாநிலத்திலும் இருந்தால், மருத்துவமனை வாயில் வரை சென்றும் நாட்கள் வீணாகக் கழியும்.

வள்ளுவர் சொன்ன நான்கு கூறுகளையும் சித்தூரும் திருப்பதியும் வேலூரும் இன்று பெற்றிருக்கின்றன. ஐந்தாவது கூறாகிய வழியை அரசு பாதி அமைக்கலாம். மறு பாதியைக் குழந்தையின் கையைப் பிடித்து நடக்கும் பெற்றோரும், அவர்களுக்கு வழி சொல்லும் அண்டை வீட்டாரும் அமைக்க வேண்டும்.