போத்தலும் தக்கையும் இடியன் துவக்கும்

வன்னியில் காட்டோரக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இடியன் துவக்கைத் தெரிந்திருக்கும். தோட்டா இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, தும்பையோ சீலைத் துண்டையோ வைத்து, சன்னத்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேணும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். இடித்த மருந்து வெடிக்காமல் போனால் பெரிய தலையிடி. உள்ளே இறுகிப்போன அடைப்பை எப்படி வெளியே எடுக்கிறது?

இதே கேள்வி 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரனுக்கும் இருந்தது. அவன்ர துவக்கும் வாயால் இடிக்கிற வகைதான். நீளக் கம்பியொன்றின் நுனியில் இரும்புச் சுருளைப் பொருத்தி, குழலுக்குள் விட்டு, அடைப்புக்குள் திருகி, இழுத்து எடுத்தான். ஆங்கிலேயர் அந்தச் சுருளைப் 'புழு' என்று அழைத்தார்கள். பிறகு அதே புழு வைன் போத்தலின் தக்கைக்குள் இறங்கியது. 1681இல் நெஹமையா குரூ என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதிய நூலில், தக்கையை இழுத்தெடுக்கிற உருக்குப் புழு பற்றிய குறிப்பு வருகிறது. கிடைத்திருக்கிற மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. கோர்க் ஸ்குரூவுக்கு முதல் காப்புரிமை எடுத்தவர் சாமுவேல் ஹென்ஷல், 1795இல். அவர் ஒரு பாதிரியார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

எங்கட வீட்டுத் தமிழில் கோர்க் ஸ்குரூவுக்குப் பேர் இல்லை. அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் போத்தல் தேவைப்பட்டது, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. இந்தக் கட்டுரை, உரிய கருவி இல்லாத இடத்தில் போத்தலோடு மனிதர் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியது.

முதலில் போத்தல் எப்படித் தக்கையோடு சேர்ந்தது என்று பார்ப்போம். பழைய கண்ணாடிப் போத்தல்கள் மெல்லியவை, தக்கையை இறுக்கினால் கழுத்து வெடித்துவிடும். 1615இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டான். கப்பல் கட்ட மரம் வேணுமென்பது ஒரு காரணம். உலைக்காரர் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரியின் சூடு கூட, அதனால் கண்ணாடியும் தடித்தது, கறுத்தது, பலமானது. அந்தப் போத்தலுக்குள் போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கத்து ஓக் மரப்பட்டையில் வெட்டிய தக்கையை இறுக்கி அடைக்கலாம். ஆனால் கழுத்து விளிம்போடு சரிமட்டமாக அடைத்த தக்கையை விரலால் பிடிக்க முடியாது. அதனால்தான் துவக்குப் புழு தேவைப்பட்டது.

சரி, அந்தப் புழு கையில் இல்லாதவன் என்ன செய்தான்? இப்ப யூரியூபில் தேடினால் சப்பாத்துக்காரன் ஒருவன் வருவான். போத்தலின் அடியைச் சப்பாத்துக்குள் வைத்து, சுவரில் குத்துவான். உள்ளே இருக்கிற திரவம் முன்னும் பின்னும் மோத, ஒவ்வொரு குத்துக்கும் தக்கை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். வேலை செய்கிற வழிதான். ஆனால் போத்தல் கையிலேயே உடையவும் கூடும், நான் சிபாரிசு செய்யமாட்டேன். தக்கையை அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளிவிடுவது இன்னொரு வழி. தக்கை வைனில் மிதக்கும், குடிக்கிறவன் ஒரு வடியைத் தேடுவான், அவ்வளவுதான். நெப்போலியன் காலத்துக் குதிரைப்படையினர் வாளால் சாம்பெயின் போத்தலின் கழுத்தைச் சீவினதாகக் கதை உண்டு. அந்தப் பழக்கம் இன்றும் விருந்துகளில் நடக்கிறது. சாம்பெயினுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் ரயரைவிட ரெண்டு மடங்குக்கு மேல. வாள் ஒரு கீறலைத் தொடங்கிவைக்க, மிச்ச வேலையை அழுத்தமே செய்கிறது.

இவற்றிலெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது போர்த்துக்கலின் இடுக்கி. பல வருடம் கிடந்த போர்ட் வைனின் தக்கை உக்கிப்போயிருக்கும், திருகினால் பொடியாகி உள்ளே விழும். அதனால் வளைய வாயுள்ள இரும்பு இடுக்கியொன்றை நெருப்பில் செக்கச் செவேலெனக் காய்ச்சி, போத்தலின் கழுத்தைச் சுற்றிச் சில கணம் பிடித்தார்கள். பிறகு அந்த இடத்தில் ஈரத்துணி. டக்கென்று கழுத்து தக்கையோடு சேர்ந்து கழன்றுவிடும். கண்ணாடி சூட்டை மெதுவாகக் கடத்தும். ஒரு இடம் விரிந்திருக்கப் பக்கத்து இடம் சுருங்கினால் தாங்காது.

இதை வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு ஒன்று ஞாபகம் வரும். வெறும் போத்தலின் இடுப்பில் மண்ணெண்ணெயில் தோய்த்த நூலைச் சுற்றி, கொளுத்தி, அணையப் போகிற நேரம் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்துவார்கள். போத்தல் ரெண்டாகும். அடிப்பாதி கிளாஸ், மேற்பாதி புனல். போர்த்துக்கல் பிரபுவின் இடுக்கியும் எங்கட நூலும் ஒரே பௌதிகம். பிரபுவின் இடுக்கியை இப்ப பழம்பொருள் சேகரிப்போர் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நூலை எரிந்ததும் வீசிவிடுகிறோம்.

எங்கட பக்கத்து வைன் என்றால் கள்ளுத்தான். கள்ளுக்குத் தக்கையும் இல்லை, புழுவும் இல்லை. முட்டியில் இறங்கும், பிளாவில் ஊற்றப்படும், அன்றைக்கே முடியும். அடைத்து வைக்காததுக்குக் காரணம் அறியாமை இல்லை. பாளையிலிருந்து சொட்டுகிற நேரமே நொதிக்கத் தொடங்கிவிடும், நொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வந்துகொண்டே இருக்கும். பச்சைக் கள்ளைப் போத்தலில் இறுக்கி அடைத்தால் மூடி பறக்கும், இல்லையென்றால் போத்தல் வெடிக்கும். இனிப்பாக வேணுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பைப் பூசி நொதிப்பை மறிக்க வேணும், அப்ப அது கருப்பநீர். இன்று கூட்டுறவுச் சங்கங்கள் விற்கிற போத்தல் கள்ளு, சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றபிறகே மூடப்படுகிறது. வைன் கெடுவதைத் தடுக்கவென்று 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து கண்ட முறை அது. மேலே இருக்கிற பல்லுப்பல்லான தகரமூடி 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்ரர் காப்புரிமை எடுத்தது. அவர் போட்டது 24 பல்லு, இப்ப 21. அதைத் திறக்கவும் ஒரு கருவி இருக்கிறதுதான், ஆனால் கதவுக் கொண்டியும் மேசை விளிம்பும் கரண்டிக் காம்பும் இருக்கிற ஊரில் அதை யார் தேடுறது? (பல்லால் திறக்கிற மாமாமாரும் இருக்கினம். அவையின்ர பல்லைப் பார்த்தாலே தெரியும்.)

நான் குடிக்கு விளம்பரம் செய்யவில்லை. போருக்குப் பிறகு வன்னியில் மதுக்கடைகள் முளைத்ததில் எங்கட அம்மாமாருக்கு இருக்கிற கோபம் நியாயமானது. எனக்குள்ள கேள்வி வேறு. வைனைத் திறக்கிறதை ஒரு கலையாகப் பார்க்கிற அதே கண்கள், பனையில் ஏறி இறக்குகிற சீவல் தொழிலாளியை ஏன் கீழாகப் பார்த்தன? பாளையை எந்த நேரம் தட்டிப் பதப்படுத்துவது, எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது என்பது எந்தத் திருகையும்விட நுட்பமான கைவேலை. சாதிதான் அதைக் கலையென்று சொல்லவிடவில்லை. பிறகு யுத்தத்தில் அந்தப் பனைகளே பங்கருக்கு மேலே குற்றிகளாக அடுக்கப்பட்டன. நிமிர்ந்து நின்ற மிச்சத்தில் பலவற்றின் வட்டைச் ஷெல் கொண்டுபோனது.

இனி போத்தலின் அளவுக்கு வருவோம். கிளிநொச்சிச் சந்தையில் போய்த் தேங்காய் எண்ணெய் விலை கேட்டால், 'ஒரு போத்தல் இவ்வளவு' என்பார்கள். பாலும் போத்தல் கணக்கு, நல்லெண்ணெயும் போத்தல் கணக்கு, முல்லைத்தீவுக் காட்டுத் தேனும் போத்தல் கணக்கு. கால் போத்தல், அரைப் போத்தல் என்று பின்னம் வேறு. இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறியபிறகும் இந்தக் கணக்கு போகவில்லை. இது எந்தப் போத்தல்? 750 மில்லிலீற்றர். உலகம் முழுக்க வைன் போத்தலின் அளவும் அதுதான். தற்செயல் இல்லை. பிரித்தானியக் கணக்கில் ஆறு போத்தல் ஒரு கலன். ஒரு கலன் 4.546 லீற்றர், அதை ஆறால் பிரித்தால் ஏறக்குறைய 758 வரும். வைனும் சாராயமும் அந்தக் கணக்கில் கப்பலேறின. அதே அளவு குடியேற்ற ஆட்சியோடு இலங்கைக்கும் வந்து, அளவைச் சட்டத்துக்குள்ளும் சந்தைக்குள்ளும் புகுந்தது. வைனைக் கண்ணால் காணாத எங்கட ஆச்சிமார் ஆயுள் முழுக்க வைன் போத்தலால்தான் பால் அளந்தார்கள்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், மெழுகுதிரி, சீமெந்து, பசளை. பட்டியல் நீளம். வன்னியில் அது 2002 ஜனவரி வரைக்கும் நீண்டது. மின்சாரம் இல்லை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என்பது அப்ப ஒரு குடும்பத்தின் இத்தனை இரவு என்று எண்ணப்பட்டது. சாதாரண குப்பிவிளக்கு அதைக் குடித்துத் தீர்த்துவிடும்.

அதுக்குப் பதிலாக வந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள் நூல்திரியைக் கோத்து, அதைக் கம்பியில் கட்டிப் போத்தலுக்குள்ளேயே நிறுத்துவார்கள். சுடர் போத்தலுக்கு உள்ளே எரியும். கண்ணாடிச் சுவர் காற்றை மறிக்கும், வாய் புகைக்கூடாகும். விளக்கு சரிந்தாலும் ஓடி ஊற்றுவதுக்கு எண்ணெய் இல்லை, பஞ்சு பிடித்து வைத்திருக்கும். ஏன் ஜாம் போத்தல்? வாய் அகலம் என்பதால்தான். வைன், சாராயப் போத்தலின் ஒடுங்கின கழுத்து தக்கைக்காகச் செய்தது. சுடருக்கு அது மூச்சுமுட்டும். இந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை ஓ.எல்.லும் ஏ.எல்.லும் எழுதியது. கிட்டத்தட்ட அதே நேரம் கொழும்பில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குப்பிவிளக்கு சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்து சலித்து, மார்மைற் போத்தலைப் பார்த்து ஒரு பாதுகாப்பு விளக்கை வடிவமைத்தார். குள்ளம், கனதி, உருளாமல் இருக்க ரெண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தகுதியான விருது. ஜாம் போத்தல் விளக்குக்கு விருதும் இல்லை, செய்தவருக்குப் பேரும் இல்லை. அது ஒருவர் செய்ததும் இல்லை.

போத்தலைத் திறக்கிற சின்னச் சின்ன அறிவும் அப்படித்தான் கைமாறியது. மழைக்காலத்தில் தேன் போத்தலின் தகரமூடி இறுகினால் அடிக்கிறதில்லை, சுடுதண்ணீரில் தலைகீழாகக் கொஞ்சம் பிடிக்கிறது. தகரம் கண்ணாடியைவிடக் கூட விரியும், மூடி தன்பாட்டில் இளகும். மூடி தொலைந்தால் கடதாசிச் சுருள், பொச்சு, சோளப்பொத்தியின் நடுத்தண்டு. சோளத்தண்டை வெட்டித் தட்டி இறுக்கினால் போர்த்துக்கல் தக்கைக்கு அது பெரிய குறைச்சல் இல்லை.

ஏ9 2002 ஏப்ரலில் திறந்தபோது சாமான்கள் வந்தன, விளக்குகள் அலுமாரிக்கு மேலே போயின. 2009இல் அந்த அலுமாரிகளும் வீடுகளும் போய்விட்டன. மிச்சம் இருப்பது செய்தவர்களின் ஞாபகம்தான். திரிக்குழாய்க்குச் சிலர் சைக்கிள் வால்வைச் சொல்லுகினம், சிலர் பேனையின் உலோக நுனியைச் சொல்லுகினம். உங்கட வீட்டில் எது பாவித்தது, பஞ்சு எவ்வளவு, ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை நாளைக்கு இழுத்தது என்று அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுதி அனுப்புங்கோ. கை ஞாபகம் வைத்திருந்தால், ஒரு விளக்கைச் செய்யச் சொல்லிப் படமும் எடுங்கோ.