இரண வைத்தியமும் தாதியர் கல்வியும்

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட்ட வரலாற்றை ஆராயுங்கால், அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீனின் (1822–1884) பணியே முதலில் நம் கவனத்திற்கு வருகின்றது. 1847இல் இங்கு வந்த அவர், மானிப்பாயில் மாணவரைப் பயிற்றினார். 1860களில் பயிற்றுமொழியையும் தமிழாக்கினார். அவரது ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே யோசேப்பு லிஸ்ரர், கார்போலிக்கமிலத்தாற் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். ஆகவே, கிருமிநீக்கத்துக்கு முற்பட்ட அறுவை அறிவையே அந்நூல் தமிழுக்குத் தந்தது எனலாம்.

மருத்துவ அறிவு நிலையாக நிற்பதன்று. காயவிட்டாலே புண் ஆறும் என்ற நம்பிக்கையும், ஈரங்காத்த புண் விரைந்து மூடுவதை 1962இல் யோர்ஜ் வின்ரர் பன்றிகளில் நிறுவியபோது ஆட்டங்கண்டது.

கிறீன் பயிற்றியது மருத்துவரை. ஆனால் நீரிழிவாளரின் ஆறாக் காற்புண்ணை மாதக்கணக்கிற் கழுவி மருந்து கட்டுபவர் தாதியர். அழுகல் கண்டறிதல், கசிவுக்கேற்ற கட்டைத் தெரிதல் ஆகியன பெரிதும் அவர்தம் மதிப்பீட்டிலேயே தங்கியுள்ளன. இதனை வெறுங் கைவேலையாகக் கருதுவது, உழைப்பையும் அறிவையும் பிரித்து நோக்கும் பழைய பிழையேயாகும். வீடு திரும்பும் நோயாளிக்குத் தாதி விளக்கவேண்டிய மொழியும் தமிழே. மருத்துவர்க்குக் கிறீன் ஆற்றிய பணியைத் தாதியர்க்கும் ஆற்றுதல் நம் கடனாகும்.