ஒன்றை மட்டும் அணைக்க வேண்டும்: ரிலேயின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் இருந்ததைவிடக் கூடுதல் பொறுமையோடு படியுங்கள்!

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த மாதம் என் பேரன் எங்கள் திருவொற்றியூர் வீட்டு மாடியில் ஒரு சின்னக் கருவி வைத்தான். அது அம்மோனியாவை அளக்காது, காற்றிலுள்ள நுண்தூசியை மட்டும்தான் அளக்கும். "நாம என்னத்தை மூச்சு விடுறோம்னு நாமளே எழுதி வைக்கணும் தாத்தா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

கருவியின் மூளை ராஸ்பெர்ரி பை 4 என்ற, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். அதன் யூஎஸ்பி துளை ஒன்றில் தூசி சென்சார், இன்னொன்றில் இன்டர்நெட் டாங்கிள். பதினோரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு சென்சார் செத்துப்போனது. அதற்குள் இருக்கும் லேசரின் ஆயுள் ஏறத்தாழ 8000 மணி நேரம்தான். இரவு பகலாக எரிந்தால் 333 நாள். புகை மண்டிய அந்தப் போகிக் காலையில், எந்த நாளின் கணக்கு எங்களுக்கு முக்கியமோ அந்த நாளில், ஒரு எண்கூட இல்லை.

புது சென்சார் வாங்கினோம். 15 நிமிடத்துக்கு 3 நிமிடம் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் ஐந்து மடங்காகும். ஆனால் ராஸ்பெர்ரி பை 4-ல் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து ஒரே சுவிட்சுதான். சென்சாரை அணைத்தால் டாங்கிளும் அணையும். தெருவில் ஒரு வீட்டில் கோளாறு என்றால் தெருவுக்கே ஃபியூஸ் பிடுங்குவது போல.

இங்கேதான் பேரனுக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

1835-ல், நம் ராயபுரம் ரயில் நிலையம் திறப்பதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் பிரின்ஸ்டன் கல்லூரியில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு பெரிய மின்காந்தம் கனமான எடையைத் தூக்கிப் பிடித்திருக்கும். தூரத்திலிருந்து மெல்லிய கம்பியில் வரும் சிறிய மின்னோட்டம் அந்தப் பெரிய சுற்றைத் துண்டிக்கும். எடை தடாலென்று விழும். சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்துக்குக் கட்டளையிடும் இந்த ஏற்பாடுதான் ரிலே. களைத்த குதிரையை மாற்றிப் புதுக் குதிரை பூட்டும் இடத்துக்கு வழங்கிய சொல் அது. தூரம் போகப்போகத் தளர்ந்துவிடும் தந்திச் செய்தியை, புது பேட்டரியின் பலத்தில் மேலே அனுப்ப ரிலே உதவியது.

அடுத்து மின்நிலையங்களுக்கு வந்தது. நம் எண்ணூர் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-க்கும் 1975-க்கும் இடையில் ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச் 31-ல் மூடினார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் ரிலேயின் வேலை காவல்காரன் வேலை. ஒரு லைனில் கோளாறு வந்தால் அந்த லைனை மட்டும் கண நேரத்தில் துண்டிக்க வேண்டும், மற்றவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பொறியாளர்கள் பல தலைமுறையாகப் பாடுபட்டது இந்த "மட்டும்" என்ற சொல்லுக்காகத்தான்.

1996-ல் யூஎஸ்பி வந்தது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த நம் நாட்டுக்காரர் அஜய் பட். ஒவ்வொரு துளையையும் தனித்தனியே அணைக்க அதன் விதிமுறையிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அது கட்டாயமில்லை. எனவே செலவைக் குறைக்கப் பல தயாரிப்பாளர்கள் எல்லாத் துளைக்கும் ஒரே சுவிட்சு வைத்தார்கள், சிலர் சுவிட்சே வைக்கவில்லை. மின்நிலையத்தில் கற்ற பாடத்தை மேசைமேல் மறந்துவிட்டோம்.

கதை கேட்ட பேரன் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சின்ன ரிலே பலகை வாங்கி வந்தான். சென்சார் கேபிளில் நான்கு கம்பி. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சிவப்பை மட்டும் வெட்டி ரிலே வழியாக இணைத்தோம். ராஸ்பெர்ரி பையின் முனை தருவது 3.3 வோல்ட், அதுவும் சில மில்லி ஆம்பியர்தான். ரிலே சுருளை நேரடியாக இழுக்க அதற்குச் சக்தி போதாது. அதனால் பலகையில் உள்ள டிரான்சிஸ்டர் இடையில் நின்று உதவுகிறது. அதுவும் புதுக் குதிரைதான்!

இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாடியில் 'டக்' என்று சத்தம் கேட்கும். சென்சார் விழிக்கும், மூன்று நிமிடம் அளக்கும், தூங்கும். டாங்கிள் அணைவதில்லை. ஒரு நாளைக்கு 96 பதிவு. அடுத்த போகியன்று 96-ம் நோட்டில் ஏறின.

உங்களில் சிலர் மின்வாரியத்தில், துறைமுகத்தில், ரயில்வேயில் ரிலேயோடு பழகியவர்கள் என்று தெரியும். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பேரனுக்குப் படித்துக் காட்டுகிறேன். மாடியில் கருவி வைக்க விரும்பும் எண்ணூர், ராயபுரம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். காபியும் உண்டு, பாடமும் உண்டு.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்