பண்ணைக் கணக்கில் ஒரு குடும்பம்



ஐரோப்பாவின் இடைக்காலம் என்றால் மன்னர்களையும் கோட்டைகளையும் பற்றியே பாடநூல்கள் மிகுதியாகப் பேசுகின்றன. உழுதவன் என்ன உண்டான், எங்கே படுத்தான் என்றறிய நாம் பண்ணைக் கணக்குகளைத்தான் புரட்ட வேண்டும். நல்லவேளையாகச் சில கணக்குகள் அழியாமல் கிடைத்திருக்கின்றன.

அவற்றுள் ஒன்று, பேரரசர் சார்லமேன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-இல் எழுதப்பட்டது. வட பிரான்சிலிருந்த அன்னாப் என்னும் அரசுப் பண்ணையின் கணக்கு அது. அரசருக்குக் கல் மாளிகை. வளாகத்துக்குள் மரவீடுகள் 17. இவ்வளவு பெரிய பண்ணையில் இரும்புக் கருவிகள் எத்தனை தெரியுமா? புல்லறுக்கும் நீண்ட அரிவாள் 2, கதிர் அரிவாள் 2, இரும்பு முனை பொருத்திய மண்வாரி 2, தச்சுக் கருவிகள் சில. மற்றவை மரத்தாலானவை. விளைச்சலும் அதற்கேற்பத்தான். கோதுமை 100 அளவை. அதில் 60 விதைக்கே போயிற்று. ரை என்னும் தானியம் 98 அளவை, அத்தனையும் விதைத்தாயிற்று. அது விளைச்சல் பொய்த்த ஆண்டாக இருக்கலாம் என்பாரும் உண்டு. இருக்கட்டும். அரசர் களஞ்சியத்துக்கே இந்த நிலை என்றால், குடியானவன் குதிரில் என்ன மிஞ்சியிருக்கும்?

அடுத்தது, பாரிஸ் நகரையொட்டி இருந்த சான் ஜெர்மன் மடத்தின் ஏடு. மடாதிபதி இர்மினோன் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதுவித்தது. அதில் போடோ என்ற குடியானவனையும் அவன் மனைவி எர்மென்ட்ரூடையும் காண்கிறோம். நம் தோட்டத்துச் செக்ரோலில் வேலை செய்பவர் பெயர்தான் இருக்கும். இந்த ஏட்டிலோ பிள்ளைகள் மூவர் என்ற எண்ணிக்கையும் உண்டு. பாசத்தால் எழுதியதல்ல, அவர்களும் மடத்தின் ஆட்களே.

போடோவுக்கு உழுநிலமும், கொஞ்சம் திராட்சைத் தோட்டமும், புல்வெளியும் இருந்தன. அதற்கு ஈடாக அவன் கொடுத்ததைப் பாருங்கள். படைச் செலவுக்கு வெள்ளிப்பணம், காட்டில் பன்றி மேய்க்கத் திராட்சை மது, மூன்றாண்டுக்கு ஒருமுறை கூரைப் பலகை 100. மடத்து நிலத்தையும் உழுது தரவேண்டும். வாரந்தோறும் இரண்டு முறை கூலியில்லா வேலை, ஒரு முறை கைவேலை. இவை போதாவென்று, கோழி 3, முட்டை 15!

முட்டையை எண்ணிய ஏடு எர்மென்ட்ரூடின் அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மண்ணைத் தோண்டுவோரிடம் போகவேண்டும். அக்காலக் கிராமங்களில் அவர்கள் கண்டவை, மரத்தூண் நட்ட குழிகளும் மண்சுவர்ச் சிதைவுகளுமே. பள்ளம் பறித்து அமைத்த சிறு குடிசைகளில், தறிநூலை இழுத்துப் பிடிக்கும் களிமண் குண்டுகளும் கிடைத்துள்ளன. நெசவு பெண்கள் வேலை. அப்படி நெய்த துணியையும் சில குடும்பங்கள் மடத்துக்குச் செலுத்த வேண்டியிருந்தது.