பாலாற்று முகத்துவார நீரும் களைக்கொல்லிச் சிதைப்பும்

ஒளியையும் ஆக்சிஜனேற்றியையும் கொண்டு களைக்கொல்லியைச் சிதைக்கும் முறைகள் தூய நீரில் காட்டும் திறனை, வாயலூர் அருகே கடலில் சேரும் பாலாற்றையும் அதற்கு வடக்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்தையும் சார்ந்த நீருக்கு அப்படியே பொருத்துவது தவறு. அந்நீரில் கரைந்துள்ள உப்புகளே சிதைப்பின் பயனை முதலில் தீர்மானிக்கின்றன.

254 நானோமீட்டர் புற ஊதா ஒளி ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு தோன்றுகிறது. இணையற்ற எலக்ட்ரான் உடைய இத்துகள் எதிர்ப்படும் மூலக்கூறு எதுவாயினும் தாக்கும் இயல்புடையது, களைக்கொல்லியைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. படாளம் சர்க்கரை ஆலையைச் சார்ந்தது போன்ற கரும்பு வட்டாரங்களில் களை முளைக்குமுன் தெளிக்கப் பரிந்துரைக்கப்படும் அட்ரசினை எடுத்துக்கொள்வோம். இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) இதற்கு வகுத்த வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள கடின நீரில் அட்ரசின் இந்த அளவில் இருந்தால், வினைவேக மாறிலிகளின்படி, பைகார்பனேட்டை மட்டும் கணக்கில் கொண்டாலும் ஏறத்தாழ 1,800 தனி உறுப்புகளில் ஒன்றே அட்ரசினைத் தொடும்; எஞ்சியவற்றை உண்டாக்கச் செலவான மின்சாரமும் பெராக்சைடும் வீணாகின்றன.

இரும்பைச் சேர்த்து, வெயிலால் அதை மீண்டும் மீண்டும் செயலூக்கும் ஒளி-ஃபென்டன் முறை இக்கடற்கரைக்கு ஏற்றதெனத் தோன்றும். ஆனால் அது சிறப்பாக நடப்பது கார அமில எண் 3-ஐ ஒட்டிய அமிலத்தன்மையில். கடின நீரை அந்நிலைக்குக் கொணர அமிலமும், பின்னர் நடுநிலையாக்கக் காரமும் வேண்டியிருப்பதால் உப்பு மேலும் கூடும். கடல்நீர் கலந்த கிணறுகளில் ஓசோனைப் பயன்படுத்தினால், புரோமைடு புரோமேட்டாக மாறும் இடரும் உண்டு.

மறைந்துவிட்டது என்பதும் சிதைந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. அட்ரசினின் பக்கச் சங்கிலிகள் முதலில் கழல, குளோரினைத் தாங்கிய டீஎத்தில் அட்ரசின் எஞ்சுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு வினையூக்கியின் நீடித்த தாக்குதலிலும் வளையம் உடையாமல் சயனூரிக் அமிலமாகவே நின்றுவிடுவது அறியப்பட்டதே. உலக சுகாதார நிறுவனம் இவ்வகைக் குளோரின் வழிப்பொருள்களையும் அட்ரசினோடு சேர்த்தே வரம்பிடுகையில், இந்தியத் தரம் தாய்ப்பொருளை மட்டும் குறிப்பது வருந்தத்தக்க குறை.

ஆகவே இம்முறைகளுக்கு உரிய இடம் ஏரியோ பாலாற்றுக் குடிநீர்க் கிணறோ அன்று; களைக்கொல்லி இன்னும் செறிந்திருக்கும் இடமே. தெளிப்பான் தொட்டியைக் கழுவிய நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அட்ரசின் இருப்பின், அதே பைகார்பனேட் அளவிலும் தொடக்கத்தில் ஆறில் ஐந்து பங்குத் தனி உறுப்புகள் இலக்கை அடையும். சிறிய அளவான இந்நீரை வாய்க்காலில் ஊற்றாமல் ஊர்தோறும் ஒரு தொட்டியில் சேர்த்துச் சிதைப்பதும், வழிப்பொருள்கள் தீர்ந்தபின்னரே வெளியேற்றுவதும் வேளாண்மைத் துறையின் பொறுப்பாக வரையறுக்கப்பட வேண்டும்.